சாப்பாட்டுப் பணம்

அத்தியாயம் பதினொன்று

"இந்த மாசம் நான் கட்டல, தம்பி."

பேரிங் கடைக்காரர் இதைச் சொல்லிவிட்டு மேசைமேல் கிடந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் எண்ணெய் இல்லை. பழக்கம்.

'கட்டாதீங்க' என்று கேட்கத்தான் அவன் வந்திருந்தான். எப்படி ஆரம்பிப்பது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்று மூன்று நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தான். ஒத்திகைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

அவனுடைய மாமனார் உள்ளே போய் அன்றோடு நான்கு மாதம். அவர் திருடவில்லை, யார்மேலும் கை வைக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக். மூத்த மகள் ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழு வாரத்துக்காக, முப்பது வருஷச் சிநேகிதரான இந்தக் கடைக்காரரிடம் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினார். மகள் பிழைக்கவில்லை. பணமும் திரும்பவில்லை. கேஸ், தீர்ப்பு, கைது என்று ஒவ்வொன்றாக வந்தது.

அந்த மகள்தான் அவனுடைய மனைவி. 'சேமிப்புல இருக்கு மாப்பிள்ளை, நீங்க அவ பக்கத்துல இருங்க' என்று மாமனார் சொன்னதை நம்பி அவன் பக்கத்தில் இருந்தான். கடன் என்ற ஒன்று இருப்பதே, மாமனாரை வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போன அன்றுதான் அவனுக்குத் தெரியும்.

கடனுக்காக உள்ளே இருப்பவருக்கு அரசாங்கம் சோறு போடாது. உள்ளே தள்ளியவர்தான் போட வேண்டும். மாதக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் அடுத்த மாதச் சாப்பாட்டுப் பணத்தை அவர் கோர்ட்டில் கட்டியாக வேண்டும். கட்டத் தவறினால் மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்து அனுப்பிவிடுவார்கள். கடன் கடனாகவே நிற்கும். ஆனால் அதே கடனுக்காக மறுபடி உள்ளே வைக்க முடியாது.

இன்றுதான் மாதக் கடைசி. மணி பதினொன்றரை.

"நிஜமாவா?" என்றான்.

"பொய் சொல்ற வயசா எனக்கு? மாசாமாசம் செக்கை எடுத்துட்டுப் போறது நான்தான். இந்த மாசம் மறந்துட்டேன்." கடைக்காரர் உள்அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே அவருடைய மகன்கள் இரண்டு பேரும் சரக்கு இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "விடுதலைன்னு எழுதிக் கொடுத்தா, கடையில பங்கு இருக்கறதால அவனுங்களும் கையெழுத்துப் போடணும். போட மாட்டானுங்க. மறதிக்கு யாரும் கையெழுத்துக் கேக்க மாட்டாங்க."

நன்றி சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. எதற்கு என்றும் தோன்றியது.

"போங்க தம்பி. இங்க நின்னா எனக்கு ஞாபகம் வந்துடும்."

*

தெருவில் இறங்கியதும் அவன் செய்த முதல் வேலை, சிறை அலுவலகத்துக்குப் போன் போட்டது. எடுத்த காவலருக்கு மாமனாரை நன்றாகத் தெரியும். உள்ளே சமையல்கூடத்துச் சரக்கு லிஃப்டை ஒரு பைசா வாங்காமல் சரிபண்ணிக் கொடுத்தவர் ஆயிற்றே. நாளைக் காலை பையைத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள் என்றான். காவலர் சிரித்தார். அவர் போனால் லிஃப்ட் மறுபடி மக்கர் பண்ணுமே என்றார்.

நாளை வெள்ளிக்கிழமை வெளியே வந்துவிட்டால் போதும். மாமனாரின் கம்பெனி, அவருடைய இடத்தைத் திங்கட்கிழமை வரைக்கும்தான் வைத்திருக்கும். கடிதமே வந்துவிட்டது. திங்கட்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டால் இருபத்தாறு வருஷ வேலை நிலைக்கும். வேலை நிலைத்தால் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கலாம். போடாவிட்டால் அறுபதை நெருங்கும் மனிதருக்கு யார் வேலை தருவார்கள்?

வீட்டுக்குப் போன் போட விரல் போனது. நிறுத்திக்கொண்டான். காலையில் மாமாவையே வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அவன் அப்படித்தான் ஆகியிருந்தான். மனைவி போன பிறகு பேச்சு சுருங்கிவிட்டது. யார் என்ன கேட்டாலும் ஒரு வார்த்தை, மிஞ்சினால் இரண்டு. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்கு வேலை. ஊரின் பல மூலைகளிலிருந்து வரும் பாட்டில்களில் சீட்டு ஒட்டி, அடைகாக்கும் பெட்டியில் வைத்து, மறுநாள் எடுத்துக் கிருமி எண்ண வேண்டும். பாட்டில்கள் பேசச் சொல்வதில்லை. எட்டு மாதமாக அவன் நிம்மதியாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

பகல் முழுக்கச் சீட்டு ஒட்டினான். இரண்டு பாட்டிலில் நாளைய தேதியை எழுதியிருந்தான். பிரித்தெடுத்து மறுபடி ஒட்டினான்.

போன ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. சிறையில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் மாமா சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன் கதவைப் பிடிச்சு இழுக்கக் கூடாது மாப்பிள்ளை. மணியை அடிச்சுட்டுத் தரையில உக்காரணும். இத்தனை வருஷம் ஊருக்குச் சொன்னேன், இப்ப நான் உக்காந்திருக்கேன்" என்றார். கூட வந்திருந்த அத்தை, அவன் மாமியார், சிரிக்கவில்லை. பார்வையாளர் சீட்டை நான்காக மடித்துக் கைக்குள் வைத்திருந்தார்.

அத்தை பெரிய ஹோட்டல் ஒன்றில் துணிக் கிடங்குப் பொறுப்பாளர். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு, அறுநூறு துண்டு, எல்லாம் அவர் கை எண்ணிக்கையில்தான் உள்ளே போய் வெளியே வரும். ஒரு தலையணை உறை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். யார் வீட்டிலும் லேசில் கை நனைக்க மாட்டார். நனைத்துவிட்டால் அடுத்த வாரமே அவர்களைக் கூப்பிட்டுப் பந்தி போட்டுக் கணக்கைத் தீர்ப்பார். 'சம்பந்தி வீட்டுக்காரங்ககிட்டகூடக் கடன் வைக்க மாட்டாங்க எங்கம்மா' என்று அவள், அவனுடைய மனைவி, கேலி செய்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் திரும்பும்போது அத்தை கேட்டார். "அங்க அவர் சாப்பாட்டுக்கு யார் பணம் கட்றது, மாப்பிள்ளை?"

"கோர்ட்ல கட்டுவாங்க, அத்தை."

"யாரு?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். உங்கள் வீட்டுக்காரரை உள்ளே தள்ளிய அதே மனிதர்தான் அவருக்கு மூன்று வேளையும் சோறு போடுகிறார் என்று எப்படிச் சொல்வது? அதைக் கேட்டால் அத்தையே சாப்பிடுவதை நிறுத்திவிடுவார். பதில் வராது என்று தெரிந்ததும் அத்தையும் பேச்சை விட்டார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

*

நான்கரைக்குக் கோர்ட்டில் இருந்தான்.

வரத் தேவையில்லை. ஆனாலும் ஐந்து மணி அடிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. பணம் கட்டும் கவுன்ட்டர் தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே. கண்ணாடியில் ஒரு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த குமாஸ்தா ஒருவர். வெளியே நீள பெஞ்சு. அபராதம் கட்ட வந்த ஒரு டாக்ஸிக்காரர், பக்கத்தில் இருந்தவரிடம், நோ பார்க்கிங்குக்கு நாலு நாள் உள்ள இருந்துட்டு வந்தவன் நான், இந்தத் தடவை பணம் கட்டற அளவுக்குப் பெரிய மனுஷன் ஆயிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்கு ஐம்பதுக்கு டாக்ஸிக்காரர் போய்விட்டார். கவுன்ட்டர் முன்னால் யாரும் இல்லை. அவன் எழுந்துபோய் ஓட்டையில் குனிந்து, மாமனாரின் கேஸ் நம்பரைச் சொல்லி, பணம் வரவில்லைதானே என்று கேட்டான். உறுதி செய்துகொள்ளத்தான்.

குமாஸ்தா நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கினார். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார்.

"கட்டியாச்சே."

"எது?"

"சாப்பாட்டுப் பணம். இன்னிக்குக் காலையில பத்து நாப்பதுக்கு."

தரை ஒரு விரற்கடை இறங்கியது போலிருந்தது. நம்பரை மறுபடி சொன்னான். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். குமாஸ்தாவும் ஒவ்வொரு எண்ணாகத் தலையாட்டினார்.

"யார் கட்டினது?"

"கேஸ் போட்டவர் கணக்குல வரவு வெச்சிருக்கு. வேற யார் கட்டுவா?" குமாஸ்தாவுக்கே அந்தக் கேள்வி வேடிக்கையாக இருந்தது. "உள்ள இருக்கிறவங்க வீட்லயா வந்து கட்டுவாங்க?"

தவறாக வந்திருந்தால் திருப்பித் தருவீர்களா என்று கேட்டான். இந்தக் கவுன்ட்டருக்கு வாங்கத்தான் தெரியும், திருப்பித் தரத் தெரியாது என்றார் குமாஸ்தா. சொல்லிவிட்டுத் திரைச்சீலையை இழுத்தார். மணி ஐந்து.

பத்து நாற்பது. அவன் கடைக்குள் நுழைந்தது பதினொன்றரைக்கு. அதாவது, காலையிலேயே கட்டிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டு, அவன் முகத்தைப் பார்த்துக் கையைத் துடைத்திருக்கிறார். மறதியாம். இங்கே நின்றால் ஞாபகம் வந்துவிடுமாம்.

படிக்கட்டு ஓரத்தில் நின்று போன் போட்டான். எட்டு மாதமாக இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவன் அன்றைக்குப் பேசினான். கேட்டவர்கள் திரும்பிப் பார்க்கும்படி பேசினான். முப்பது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவரா நீங்கள் என்று கேட்டான். மகளைப் பறிகொடுத்த மனிதரைச் சிறையில் வைத்தது போதாதென்று, அவர் வீட்டாரை வைத்து விளையாட்டு வேறா என்று கேட்டான். கடைசியில் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"உங்க பிள்ளைங்ககூட மூஞ்சிக்கு நேரா கத்திய காட்டுவாங்க. நீங்க சிரிச்சுக்கிட்டே முதுகுல குத்தறவரு."

அந்தப் பக்கம் தராசுத் தட்டில் எதையோ வைக்கும் ஓசை கேட்டது.

"நான் கட்டலன்னு சொன்னேன்," என்றார் கடைக்காரர். குரல் ஏறவே இல்லை. "கட்டலன்னா கட்டலதான். ஆனா இனிமே கட்டுவேன் தம்பி. ஒரு வருஷம் வரைக்கும் வெச்சிருக்கலாம்னு சட்டத்துல இருக்கு. முழுசாக் கட்டுவேன்."

போன் நின்றது.

*

மாமா உள்ளே போனதிலிருந்து அவன் அத்தை வீட்டு முன்அறையில்தான் தங்கியிருந்தான். நான்காவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் உண்டு, ஆனால் ஓடாது. மெக்கானிக் வீடு இருக்கிற கட்டடத்திலேயே லிஃப்ட் ஓடவில்லை என்று மேல்வீட்டுக்காரர்கள் பார்க்கிறபோதெல்லாம் கிண்டல் செய்வார்கள். இப்போது செய்வதில்லை.

படி ஏறும்போதே போனை எடுத்தான். சிறைக்குப் போன் போட்டு, பை தயார் செய்ய வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அலுவலக நேரம் முடிந்துவிட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. காலை ஏழு மணிக்கு மாமா பையோடு கதவுக்குப் பின்னால் நிற்பார்.

வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. நான்கு மாதமாகச் சிக்கனம் பார்த்து ஒரு விளக்குதான் எரியும்.

கதவைத் திறந்தது வாலு. மனைவியின் தங்கை. செருப்புக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். தரையெல்லாம் ஈரக் காலடி.

"அத்தான், உங்க அத்தைக்கு இன்னிக்கு என்னமோ ஆயிடுச்சு. பாட்டுப் பாடுறாங்க. மழை வந்தா நான் பொறுப்பில்ல."

அத்தை சமையலறையிலிருந்து வந்தார். முகத்தில் பழைய முகம் இருந்தது. மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டு நடந்தாரே, அந்த முகம்.

"கை கழுவிட்டு வாங்க மாப்பிள்ளை. உக்காந்து நிம்மதியா சாப்பிடலாம். நாலு மாசமா எனக்குச் சோறு இறங்கல, தெரியுமா?"

"என்ன அத்தை?"

"ஞாயித்துக்கிழமை அங்க கேட்ல ஒரு அம்மா சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரரும் உள்ளதான். 'உங்க வீட்டுக்காரருக்கு அடுத்த மாசச் சாப்பாட்டுப் பணம் இன்னும் வரலையாம், உள்ள பேசிக்கிட்டாங்க'ன்னு. எனக்கு அப்பவே உயிரு போயிடுச்சு. உங்ககிட்டக் கேட்டேன். கோர்ட்ல கட்டுவாங்கன்னீங்க. யாருன்னு சொல்லல." அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். "உங்களுக்கு ஏற்கெனவே ஆயிரம் கவலை. பாவம், நீங்கதான் சத்தமில்லாம கட்டிட்டு வர்றீங்க போல, இந்த மாசம் முடியல போலன்னு நினைச்சேன். உங்களைச் சங்கடப்படுத்த வேணாம்னுதான் கேக்கல. இன்னிக்கு அரை நாள் லீவு போட்டுட்டு நானே போயிட்டேன்."

மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார்.

அவன் வாங்கவில்லை. வாலு வாங்கிப் பிரித்தாள்.

"கோர்ட் வாசல்ல டைப் அடிக்கிறவர் சீட்டு எழுதிக் கொடுத்தாரு. பார்வையாளர் சீட்டுல கேஸ் நம்பர் இருந்துச்சா, அதைக் காட்டினேன். பணம் கட்ற இடத்துல அந்த ஆள் ஒரு வார்த்தை கேக்கல. எண்ணி வாங்கிட்டு ரசீது கொடுத்தாரு. இத்தனை லேசுன்னு தெரிஞ்சிருந்தா முதல் மாசமே நான் கட்டியிருப்பேன். என் வீட்டு மனுஷன் எவன் காசுலயோ சாப்பிடறதா?"

ரசீதில் மேலே கேஸ் நம்பர். அதற்குக் கீழே வாதியின் பெயரில் வரவு. நேரம், பத்து நாற்பது. அடியில், கட்டியவர் கையெழுத்து என்ற இடத்தில், விரிப்புக் கணக்குப் புத்தகத்தில் போடுகிற அதே குண்டு எழுத்துக் கையெழுத்து.

பேரிங் கடைக்காரர் கையைத் துடைத்தது கண்ணுக்குள் வந்தது. கட்டலன்னா கட்டலதான்.

வாலு ரசீதை இரண்டாவது தடவை படித்தாள். அவளுக்குச் சட்டம் தெரியும். முதல் மாதமே அவனும் அவளும் உட்கார்ந்து தீர்ப்பைப் படித்திருந்தார்கள். பணம் நின்றால் கதவு திறக்கும் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டாம், வீணாக எதிர்பார்த்து ஏங்கிவிடுவார் என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தார்கள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவன் பார்த்தான்.

"அம்மா," என்றாள். "இதுல மூணு மாசம்னு போட்டிருக்கு."

"ஆமா. மூணு மாசத்துக்கும் சேர்த்தே கட்டிட்டேன். மாசாமாசம் யார் லீவு போடறது?"

"அவ்வளவு பணம் ஏது?"

அத்தை அவன் பக்கம் திரும்பினார். முதல் தடவையாகக் கொஞ்சம் தயங்கினார்.

"மாப்பிள்ளை கோவிச்சுக்கக் கூடாது. அவ தோடு இருந்துச்சில்ல, நீங்க என்கிட்ட வெச்சுக்கச் சொல்லிக் கொடுத்தது. அதை வித்துட்டேன்."

வாலு ரசீதை மேசைமேல் வைத்தாள்.

"வித்ததுக்கு நான் அழல. அவளுக்காகத்தானே அவர் அங்க போய் உக்காந்திருக்காரு. அப்பாவுக்கு மக சோறு போட்ட மாதிரி இருக்கட்டும்னு நினைச்சேன்."

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் கழற்றி, அவள் அவன் உள்ளங்கையில் வைத்த தோடு. சின்னது. திருகு மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கும். பத்திரம் என்று சொல்லித்தான் கொடுத்தாள். அவன் அன்று மாலை வரைக்கும் கையை விரிக்கவே இல்லை.

"சரி, சாப்பிட வாங்க," என்றார் அத்தை. "நாளைக்குக் காலையில நான் அவரைப் பார்க்கப் போறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் என்னால இருக்க முடியாது. ரசீதை அவர்கிட்டயே காட்டணும். நம்ம காசுல சாப்பிடறீங்கன்னு சொல்லணும். நீங்களும் கூட வாங்களேன்."

வாலு ஈரக் காலோடு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அம்மாவுக்குத் தெரியாமல் சட்டைக் கையைப் பிடித்தாள். குரல் கேட்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. சொல்ல வேண்டாம் அத்தான்.

காலை ஏழு மணிக்கு மாமா பையோடு நிற்பார். கதவு திறக்காது. அதே கேட்டுக்கு வெளியே அத்தை ரசீதோடு நிற்பார். மாமாவுக்குச் சட்டம் தெரியும். ரசீதைப் பார்த்த கணமே அவருக்குப் புரியும். புரிந்ததும் அவர் சிரிப்பார், அத்தைக்காக. அந்தச் சிரிப்பை வைத்தே அத்தை கண்டுபிடித்துவிடுவார். தலையணை உறை ஒன்று குறைந்தாலே கண்டுபிடிப்பவர்.

'சரி அத்தை' என்று சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலும் இப்படித்தான் இரண்டு வார்த்தையோடு நிறுத்தியிருந்தான்.

அவன் வாலுவின் கையை மெதுவாக எடுத்துவிட்டான். சாப்பாட்டு மேசையிலிருந்து நாற்காலியை இழுத்து அத்தைக்குப் போட்டான். இன்னொன்றை அதற்கு நேர் எதிரே போட்டுக்கொண்டான்.

"நான் பரிமாறிட்டு உக்கார்றேன், மாப்பிள்ளை."

"அது அப்புறம். முதல்ல உக்காருங்க அத்தை," என்றான். "பஸ்ல யாருன்னு கேட்டீங்கல்ல. நான் சொல்லாம விட்டுட்டேன். இப்ப சொல்றேன்."

அத்தை சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.